தெய்வசிகாமணி வீட்டுக் கடிகாரங்கள்

புதுச்சேரியை இருநூறு வருஷத்துக்கு மேல் காப்பாற்றி வைத்திருந்தது பீரங்கி அல்ல, கவர்னர் அல்ல. கிறிஸ்துதாஸ் குடும்பத்து ரொட்டி. இதை வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை, கிறிஸ்துதாஸே சொன்னார். சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை. கேட்பவர்கள் சிரித்தால் அது அடங்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். இங்கிலீஷ்காரன் ஊரைப் பிடித்தான், பிடித்துப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தான். எதனால்? இந்த ரொட்டியின் மேல்தோலைக் கடிக்க அவனுக்குப் பல் இல்லை. பிரெஞ்சுக்காரனுக்குப் பல் இருந்தது, இருந்தான். அவனும் கொடியை இறக்கிக்கொண்டு கப்பலேறியதற்கு ஏதேதோ அரசியல் காரணம் என்று பேப்பரில் போட்டார்கள். உண்மை என்னவென்றால் அந்த வருஷம் வந்த மைதா சரியில்லை.

"அப்பேர்ப்பட்ட வம்சம். எங்க பாட்டன் காலத்துலேர்ந்து எவன்கிட்டயும் ஒரு துண்டு ஓசியில வாங்கித் தின்னதில்ல" என்று முடிப்பார்.

முதலியார்பேட்டையில் அவர் குடியிருந்த தெருவுக்கு இந்த முடிவு மனப்பாடம். எதிர்வீட்டுத் தையற்காரர் அந்துவான் ஒரு தடவை, சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பெரிய கடிகாரம் எந்தக் கடையில் காசு கொடுத்து வாங்கியது என்று கேட்டுப் பார்த்தார். அது அவர் அடுப்பு வேலை பார்க்கும் ரொட்டிக்கடையின் பழைய வெள்ளைக்கார முதலாளி ஊருக்குக் கப்பலேறும்போது கழற்றிக் கொடுத்தது என்பது எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்துதாஸ் அசரவில்லை. அது ஓசி இல்லை, மரியாதை என்றார்.

அந்தக் கடிகாரம் கறுப்பு மரச் சட்டத்தில் ஒரு ஆள் மார்பு அகலம் இருந்தது. அடித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். கணீர் என்று தொடங்கி, கடைசி அடியில் மட்டும் தொண்டை கட்டியதுபோல் ஒரு கரகரப்பு. மணி அடித்து முடித்ததும் கிறிஸ்துதாஸ் வீட்டில் இருந்தால் வாசலுக்கு வந்து, அடித்தது எத்தனை என்று தெருவுக்கு அறிவிப்பார். காது உள்ள தெருவுக்கு எதற்கு அறிவிப்பு என்று யாரும் கேட்டதில்லை. மில் சங்கு ஊதினால்கூட அவர் தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மில்லுக்குச் சரி என்பார்.

தெருவில் முக்கால்வாசி வீடுகள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடுகள். பெண்பிள்ளைகள் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். ஐந்தாவதுவரை பெரிய செலவில்லை. ஆறாவதிலிருந்து சம்பளம் கட்ட வேண்டும். கட்ட முடியாதவர்களுக்குப் பங்குக் கோயிலின் தர்ம சபை சில இடங்களுக்குச் சம்பளம் கட்டியது. அதற்குத் தர்ம இடம் என்று பேர். யாருக்குத் தர்ம இடம் என்பதைத் தீர்மானிக்க ஜூன் மாசம், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால், சபையின் சார்பில் முசியே பிரான்சுவா வீடு வீடாக வருவார்.

முசியே பிரான்சுவா கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உத்தியோகக் காலம் முழுக்கப் பிறர் சொன்ன பொய்யை எழுத்தில் எடுத்தவர் ஆதலால், யாராவது உண்மை சொன்னால் அவருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். வெள்ளைக் கால்சராய், குடை, கோட்டின் உள்ளே சங்கிலி போட்ட பைக் கடிகாரம். வீட்டுக்குள் வந்ததும் நலம் விசாரிப்பார். விசாரித்துக்கொண்டே அடுப்பங்கரைக்குப் போய்ச் சட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பார். மீன் இருந்தால் என்ன மீன் என்று கேட்பார். வஞ்சிரம் என்றால் தர்ம இடம் இல்லை. காரப்பொடி என்றால் யோசிக்கலாம்.

இதற்குத் தெருவில் ஒரு ஏற்பாடு உண்டாகியிருந்தது. பிரான்சுவா எந்தக் கிழமை வருகிறார் என்பது பங்குக் கோயிலில் எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளை வழியாக இரண்டு நாள் முன்னாடியே தெருவுக்கு வந்துவிடும். உடனே கடிகாரம், சைக்கிள், நாற்காலி, பித்தளைக் குடம் எல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பித் தெருக்கோடியில் இருந்த தெய்வசிகாமணி வீட்டுக்குப் போகும். ஏன் அந்த வீடு என்றால், தெய்வசிகாமணி மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். தர்ம சபை அவர் வீட்டு வாசற்படியை மிதிக்க முகாந்திரம் இல்லை. வில்லியனூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம், இங்கே இரண்டு எருமை, மில்லில் ஷிப்டு வேலை என்று இருந்த மனிதர். ஜூன் மாசத்தில் அவர் வீட்டுக்குள் போனால் கல்யாண வீட்டுச் சீர் அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். அவர் பெண்சாதி செல்வாம்பாள், வருஷத்தில் ஒரு வாரம் நாற்காலியில் உட்காருவது இடுப்புக்கு நல்லது என்று சொல்லிக்கொள்வாள்.

சாமான் போகிற நாளில் கிறிஸ்துதாஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். தன் நாற்காலி எங்கேயும் போகாது என்பதைக் காட்டுகிற உட்காரல் அது. சைக்கிள் போனால் எழுந்து நின்று சலாம் வைப்பார். பித்தளைக் குடம் போனால் சிலுவை போட்டுக்கொள்வார்.

"எந்த கவர்னர் மாத்திப் போறாரு? சாமான்லாம் போவுது?"

அந்துவான் கடிகாரத்தைத் துண்டில் சுற்றிக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு போகும்போது, "பாத்துப் போ மாப்ள, புள்ளைக்கு வால் தொங்குது" என்றார். பெண்டுலம் துண்டுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு வருஷம் தப்பு ஒன்று நடந்தது. பிரான்சுவா அந்துவான் வீட்டில் சட்டியைப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் மணி என்ன ஆகிறது என்று கேட்டார். அந்துவான், "தெரியலீங்க முசியே. எங்கூட்ல கடிகாரம் ஏதுங்க" என்றார். அவர் வாயை மூடவில்லை, தெருக்கோடியிலிருந்து மூன்று அடித்தது. அது முடிவதற்குள் இன்னொன்று. பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக, கூழாங்கல்லைத் தகரத்தில் கொட்டியது மாதிரி, கடிகாரங்கள் அடித்து ஓயச் சற்று நேரம் பிடித்தது. எருமை ஒன்று கத்தியது. பிரான்சுவா குடையை விரித்துக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தார். வாசலில் நின்றிருந்த தெய்வசிகாமணியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டில் கடிகாரம் நிறைய இருக்கிறதே என்றார்.

"எருமைக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுங்க" என்றார் தெய்வசிகாமணி.

"மத்ததெல்லாம்?"

"கன்னு போட்டா வேணுமில்லீங்களா."

பிரான்சுவா செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் என்ன நினைத்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை. அதனால் தெரு ஆளுக்கொன்று நினைத்தது. கடிகாரங்களை நிறுத்தாமல் விட்டது தெய்வசிகாமணியின் வேலை என்றார்கள் சிலர். தெய்வசிகாமணிக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்கள் வேறு சிலர். வாசலில் உட்கார்ந்து எல்லாச் சாமானையும் எண்ணிக்கொண்டிருந்தவன் யார் என்று அந்துவான் பொதுவாகக் கேட்டு, பொதுவாகக் கிறிஸ்துதாஸ் வீட்டைப் பார்த்தார்.

கிறிஸ்துதாஸுக்கு இந்தச் சந்தேகம் எட்டவில்லை. "எங்கூட்ல கடிகாரம் ஏதுங்க" என்பதை அந்துவான் குரலில் சொல்லிக் காட்டுவதில் அவர் மும்முரமாக இருந்தார். டீக்கடையில் சொன்னார், ரொட்டிக்கடையில் சொன்னார், கோயில் வாசலில் பூசை முடிந்து சொன்னார். மணி அடித்து முடித்து அறிவிக்கும்போதுகூட, எட்டு என்று சொல்லிவிட்டு, "எங்கூட்ல கடிகாரம் ஏதுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் அவர் மகள் லூர்துசெல்வி ஆறாவதுக்கு வந்தாள்.

கொடி மாறி நாலாவது வருஷம் அது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒன்றொன்றாகப் போய்விட்டன. நீள ரொட்டிக்கு ஆளில்லை. ரொட்டிக்கடையை வாங்கிய கலியமூர்த்திக்கு டீக்கடை பன்னும் ரஸ்க்கும் போதுமாக இருந்தது. அதற்கு அடுப்பைத் தினமும் மூட்ட வேண்டியதில்லை. வாரத்தில் பாதி நாள் வேலை, பாதிக் கூலி. கிறிஸ்துதாஸ் இதைத் தெருவில் வேறு விதமாகச் சொன்னார். அடுப்புக்கு ஓய்வு வேண்டும், தொடர்ந்து சூடேறினால் செங்கல் சலித்துப் போகும், இதைத் தான்தான் முதலாளிக்கு யோசனை சொன்னதாக.

அடுப்பு மூட்டுகிற நாளில் அவர் கருக்கலில் கிளம்பிவிடுவார். சாரம் கிராமத்துத் தென்னந்தோப்பிலிருந்து வந்த கள்ளை ஊற்றிப் பிசைந்த மாவு மரத்தொட்டியில் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, பிள்ளைத்தாச்சி மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். சவுக்குக் கட்டையை எரித்துத் தள்ளி, தணலை வாரி, ஈரச் சாக்கு கட்டிய கழியால் அடுப்பின் தரையைத் துடைப்பார். ஒரு பிடி மாவை உள்ளே வீசி, அது கருகுகிறதா சிவக்கிறதா என்று பார்த்துத்தான் பலகைத் துடுப்பில் ரொட்டியை ஏற்றுவார். விடிந்ததும் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, கடையில் மிச்சமிருந்த ஒரே நீள ரொட்டி வாடிக்கையான கன்னியர் மடத்தின் பின்கட்டில் இறக்கிவிட்டு வருவார். திரும்பி வரும்போது முழங்கை மயிர் எல்லாம் பொசுங்கி, உடம்பு முழுக்கப் புளித்த கள் வாசனை. அதை வைத்து அவர் பெண்சாதி சூசைமேரிக்கு ஒரு நிரந்தரச் சந்தேகம். தொட்டிக்குப் போகிற கள்ளெல்லாம் தொட்டிக்குத்தான் போகிறதா என்று அவள் தினம் ஒரு முறை முகர்ந்து பார்ப்பாள்.

மடத்துக் கேட்டுக்குள் நுழைந்தால் இரண்டு கதவு. இடப்பக்கக் கதவு பள்ளிக்கூடத்துக்கு. வலப்பக்கக் கதவு தையல் கூடத்துக்கு. சம்பளம் கட்ட முடியாமல் நின்றுபோன பெண்களை மடத்துத் தலைவியான மதர் வெளியே அனுப்பமாட்டார். வலப்பக்கக் கதவுக்கு அனுப்புவார். அங்கே சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கைக்குட்டையிலும் மேஜை விரிப்பிலும் பூ வேலை செய்ய வேண்டும். கூலி உண்டு. ஒருமுறை வலப்பக்கம் போன பெண் இடப்பக்கம் திரும்பியதாகத் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை.

சூசைமேரி புருஷனைக் கேட்காமல் மதரிடம் போய்த் தர்ம இடத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு நாளில் கோயில்பிள்ளை வாசலில் நின்று, வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்கும் வருகிறார் என்று சொன்னபோதுதான் கிறிஸ்துதாஸுக்கு விஷயம் தெரிந்தது.

"எங்கூட்டுக்கு எதுக்கு வராரு?" என்றார்.

கோயில்பிள்ளை உள்ளே பார்த்தான். சூசைமேரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நான்தான் வரச் சொன்னேன்" என்றாள். கோயில்பிள்ளை போகிறவரை காத்திருந்து, "அடுப்புக்கு ஓய்வுன்னு தெருவுல சொல்லிக்கலாம். மதர்கிட்ட அதச் சொல்ல முடியுமா?" என்றாள்.

"என்னா சொன்ன மதர்கிட்ட?"

"இல்லன்னு சொன்னேன்."

"எது இல்ல?"

"எது இருக்குதுன்னு நீங்க சொல்லுங்க."

அவர் சுவரைப் பார்த்தார். கடிகாரம் ஆடிக்கொண்டிருந்தது.

"அத எறக்கி சிகாமணி வூட்டுக்குக் குடுத்துடலாம்" என்றாள் அவள். "ஒரு நாளைக்கிதான்."

"என் கடிகாரத்த எருமை பக்கத்துலயா?" அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அந்துவான் ஏதாச்சும் சொல்லிக் குடுத்தானா? இத்தினி நாளா என்ன எப்படி எறக்குறதுன்னு பாத்துக்கிட்டிருந்தான். உன்ன புடிச்சிட்டான்."

"அந்துவானுக்கு வேற வேல இல்ல?"

"இருந்தா ஏன் காலையில ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம் நம்ம வூட்டப் பாக்கறான்?"

அந்துவான் பார்த்தது உண்மைதான். தெருவே பார்த்தது. தர்ம இடத்துக்குப் புதிதாக ஒரு வீடு வந்தால் பழைய வீடு ஒன்று தன் இடத்தை இழக்கும் என்பது அவர்கள் கணக்கு. கிறிஸ்துதாஸ் போன வருஷமெல்லாம் கேலி செய்தது இதற்குத்தானோ, மற்றவர்களை வெட்கப்பட்டு ஒதுங்க வைத்துவிட்டுத் தான் நுழையவோ என்று பேச்சு எழுந்தது. தெய்வசிகாமணி வீட்டுக்குக் கடிகாரம் வருகிறதா என்று பார்க்க அந்த வாரம் தெருவில் யாரும் பகலில் தூங்கவில்லை. கடிகாரம் வரவில்லை.

வியாழக்கிழமை பிரான்சுவா வந்தார். கிறிஸ்துதாஸ் வெளுத்த சட்டை போட்டு, வாசலில் நின்று வரவேற்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விசாரணைக்கு வந்தவரை விருந்துக்கு வந்தவராக மாற்றிவிடுவது என்று அவர் தீர்மானித்திருந்தார். புதுச்சேரியை ரொட்டி காப்பாற்றிய வரலாற்றை முதலிலிருந்து சொன்னார். கடிகாரம் எப்படி வந்தது என்று சொன்னார். பிரான்சுவா பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போனார். சட்டியைத் திறந்தார். கேழ்வரகுக் கஞ்சி. பக்கத்தில் ஒரு மாங்காய்த் துண்டு ஊறுகாய். அவ்வளவுதான்.

சூசைமேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவள் எதையும் ஒளிக்கவில்லை. வீட்டில் இருந்தது அதுதான்.

பிரான்சுவா மூடியைக் கையில் வைத்துக்கொண்டே, "மத்தியானச் சாப்பாடா?" என்று கேட்டார்.

"சே சே" என்றார் கிறிஸ்துதாஸ், பின்னாலிருந்து. "அது நாய்க்கி வெச்சது."

அந்த வீட்டில் நாய் கிடையாது. பிரான்சுவா அதைப் பார்த்துவிட்டார் என்பது அவர் வாசல்வரை நாலா பக்கமும் பார்த்துக்கொண்டு நடந்ததில் தெரிந்தது. ஆனால் நாய்க்குக் கஞ்சி வைக்கிற வீடு என்று வீட்டுக்காரனே சொல்லும்போது, இல்லை, நீ ஏழைதான் என்று வாதாடுவது சபையின் வேலை அல்ல. கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த வருஷம் அந்துவான் மகளுக்கு இடம் புதுப்பிக்கப்பட்டது. லூர்துசெல்விக்குக் கிடைக்கவில்லை.

சூசைமேரி ஒரு வாரம் புருஷனிடம் பேசவில்லை. கஞ்சி ஊற்றும்போது மட்டும், "நாய்க்கி" என்று சொல்லி வைத்தாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. லூர்துசெல்வி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றப் பெண்களோடு கேட்டுவரைக்கும் போய், வலப்பக்கம் திரும்பினாள்.

அந்த ஜூலையில் மழையே இல்லை. காலையிலிருந்து மேல்காற்று புழுதியை வாரிக் கொட்டும். நாலு மணி சுமாருக்குக் கடற்காற்று திரும்பும்வரை ஓடு கொதிக்கும். கிறிஸ்துதாஸ் ரொட்டிக் கூடையோடு மடத்துப் பின்கட்டுக்குப் போகிற வழியில் தையல் கூடத்து ஜன்னல்கள் இருந்தன. முதல் நாள் அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் சைக்கிள் சங்கிலி கழன்றதாக நின்று, மாட்டுகிற சாக்கில் பார்த்தார். வரிசையாகக் குனிந்த பின்னந்தலைகள். எது தன் மகள் என்று கண்டுபிடிக்க அவருக்குச் சற்று நேரம் ஆனது. சங்கிலி அதற்குப் பிறகு அடிக்கடி கழன்றது. பின்கட்டில் ரொட்டி எடுத்துக்கொள்ளும் கன்னியாஸ்திரி, நல்ல சைக்கிள் ஒன்று வாங்கக் கூடாதா என்று கேட்டார். வாங்கலாம், இது ராசியான சைக்கிள் என்றார் கிறிஸ்துதாஸ்.

தெரு சும்மா இருக்கவில்லை. தர்ம இடம் கிடைக்கவில்லை என்பதை நம்ப அது தயாராக இல்லை. கிறிஸ்துதாஸிடம் பணம் இருக்கிறது, முதலாளி போகும்போது கடிகாரம் மட்டுமா கொடுத்திருப்பான், கடிகாரத்துக்குள் என்ன இருக்கிறதோ, மகளைத் தையலுக்கு அனுப்பிக் கண்ணைக் கட்டுகிறான் என்று அது முடிவு செய்தது. அவர் சொல்லிச் சொல்லி வளர்த்த பேர் இப்போது தானாகவே நடமாடியது.

ஒரு சாயங்காலம் கடற்காற்று வந்த பிறகு, அவர் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். வாசலில் லூர்துசெல்வி அந்துவான் மகளோடும் இன்னும் இரண்டு பெண்களோடும் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அந்துவான் மகள் புதுக் கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாள். தையல் கூடம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"கிளாசு மாதிரி புழுங்காது" என்றாள் லூர்துசெல்வி. "காத்து பிச்சிக்கும். பாரீஸ்ல கவர்னர் பொண்டாட்டி மூக்குத் தொடைக்கிற கைக்குட்டைல நான் போட்ட பூதான் இருக்கும். அவங்க இன்னாருதான் போடணும்னு மதர்கிட்ட கேட்டு அனுப்புனாங்களாம். ஆறாங்கிளாசு பாடமெல்லாம் நான் போன வருசமே படிச்சிட்டேன், அதனால மதரே இந்தப் பக்கம் வரச் சொன்னாங்க."

பெண்கள் சிரித்தார்கள். லூர்துசெல்வி சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்து ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

கிறிஸ்துதாஸ் எழுந்து உட்கார்ந்தார். கடிகாரம் ஐந்து அடித்தது. அவர் வாசலுக்குப் போகவில்லை. தெரு அன்றைக்கு ஐந்து மணி அறிவிப்பைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இரண்டு வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் ஒரு குடும்பம் காரைக்காலுக்கு மாற்றலாகிப் போனது. ஒரு தர்ம இடம் காலியானது. மதர் சூசைமேரியைக் கூப்பிட்டு, முசியே பிரான்சுவா மறுபடி ஒரு தடவை வந்து பார்க்கட்டும் என்றார். சூசைமேரி வீட்டுக்கு வந்து கிறிஸ்துதாஸிடம் எதுவும் கேட்கவில்லை. வரும் கிழமையை மட்டும் சொன்னாள். அடுப்பங்கரைக்குப் போனாள். கடிகாரத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை மில் சங்கு ஊதி, பகல் ஷிப்டுக்காரர்கள் போய், தெரு உண்டு படுத்த நேரம். தரையில் கால் வைத்தால் கொப்புளிக்கும் வெயில். கிறிஸ்துதாஸ் ஸ்டூலைப் போட்டு ஏறிக் கடிகாரத்தை இறக்கினார். சுவரில் அந்த இடம் மட்டும் புதுச் சுண்ணாம்பாகத் தெரிந்தது. மைதாச் சாக்கை உதறி, அதில் கடிகாரத்தை இறக்கினார். மாவுத்தூள் கிளம்பி அவர் மீசையிலும் புருவத்திலும் படிந்தது. சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது பக்கச் சுவரோரமாகவே நடந்தார்.

தெரு தூங்கவில்லை. அந்துவான் மெஷினில் உட்கார்ந்திருந்தார். கிறிஸ்துதாஸ் அவர் வாசலைத் தாண்டும்போது மெஷின் சத்தம் நின்றது. ஒரு வருஷக் கேலிக்கு அந்துவானிடம் ஒரு முழுச் சலாம் பாக்கி இருந்தது. அந்துவான் எழுந்து வாசலுக்கு வந்தார். சாக்கைப் பார்த்தார். கீழ்முனையில் ஓட்டை, பெண்டுலம் வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. அவர் கிட்டே வந்து, அதை விரலால் உள்ளே தள்ளிவிட்டு, திரும்பிப் போய் மெஷினில் உட்கார்ந்தார். எதற்காக அப்படிச் செய்தார் என்று கிறிஸ்துதாஸ் தெருக்கோடிவரை சந்தேகப்பட்டுக்கொண்டே போனார்.

தெய்வசிகாமணி எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். சாக்கைப் பார்த்ததும் தவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வா மேஸ்திரி. அதுவா?"

"ஆமா."

"அவரு போன தபாவே பாத்துட்டாருல்ல? நீதான நாக்காலி போட்டு ஒக்கார வெச்சுக் கத சொன்ன?"

"பாத்தாரு."

"பாத்தவருகிட்டயே மறைக்கிற?"

கிறிஸ்துதாஸ் சாக்கை நீட்டினார். ஸ்டூலில் ஏறும்போதே அவரும் அதைத்தான் யோசித்தார். தெய்வசிகாமணி வாங்கிக் கனம் பார்த்து, சாக்கை உருவி, கடிகாரத்தை நெல் குதிர் மேல் நிமிர்த்தி வைத்தார். பெண்டுலம் ஆடியது.

"அவருக்குத் தெரியாதுன்னா நெனச்ச? வருசா வருசம் எங்கூட்டு வாசல்ல தண்ணி வாங்கிக் குடிக்கிறாரு. எது எவன் கடிகாரம்னு என்னவிட நல்லா சொல்லுவாரு."

"அப்புறம் எதுக்கு இத்தினி கூத்து?"

"யாரு கண்டா. எனக்கு ஒண்ணு தோணும். சாமானத் தூக்கிட்டு வர்றவன், வேணும்னு வாயத் தொறந்து கேக்க மாட்டான். வெக்கம். இப்டித் தூக்கிட்டு வர்றதுதான் அவன் கேக்கறது. நீ அவர ஒக்கார வெச்சு, எனக்கு வேணாம்னுட்ட." தெய்வசிகாமணி எருமையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "சாவி குடுத்திருக்குதா? நிறுத்தட்டுமா?"

கிறிஸ்துதாஸ் யோசித்தார். "வேணாம். நின்னா மறுபடி ஓட்றது செரமம்" என்றார். "எருமை பக்கத்துல வைக்காத."

பிரான்சுவா வந்தபோது வெயில் சற்றுத் தாழ்ந்திருந்தது. நாற்காலி இல்லை, அதைச் சூசைமேரி தானாகவே தெய்வசிகாமணி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள், புருஷன் திரும்பி வந்தபோது எதிரில் அவள் அதைத் தூக்கிக்கொண்டு போனாள், இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. பிரான்சுவா நின்றுகொண்டே நலம் விசாரித்தார். கிறிஸ்துதாஸ் நலம் என்றார். ரொட்டியின் வரலாறு வரும் என்று பிரான்சுவா கொஞ்சம் காத்திருந்தார். வரவில்லை. சுவரில் வெளேரென்று இருந்த சதுரத்தைப் பார்த்தார். கிறிஸ்துதாஸின் புருவத்தில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தார். அடுப்பங்கரைக்குப் போனார்.

மூடியைத் தூக்கினார். கேழ்வரகுக் கஞ்சி. இந்தத் தடவை மாங்காயும் இல்லை.

"நாய்க்கா?" என்று கேட்டார். அந்தக் குரலில் கேலி இருந்ததா என்று சூசைமேரி பிற்பாடு வெகுநாள் யோசித்தாள்.

கிறிஸ்துதாஸ் வாசற்கால் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எங்களுக்குங்க" என்றார்.

பிரான்சுவா மூடியைச் சத்தம் வராமல் திரும்ப வைத்தார். சூசைமேரியிடம், திங்கட்கிழமை பிள்ளையை இடப்பக்கக் கதவால் அனுப்பச் சொன்னார். அவள் கும்பிடக் கை தூக்கினாள்; அதற்குள் அவர் வாசலுக்கு வந்துவிட்டார். அங்கே லூர்துசெல்வி சுவரோடு சாய்ந்து நின்று, விரல் நுனியிலிருந்த ஊசிக் குத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரான்சுவா குடையை விரித்தார். எதையோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

"கிறிஸ்துதாஸ், மணி என்ன ஆவுது?"

கடற்காற்று அப்போதுதான் திரும்பியது. தெருக்கோடியிலிருந்து, காற்றோடு, கணீர் என்று ஒன்று அடித்தது. இரண்டு. மூன்று. எதிர்வீட்டு மெஷின் நின்றது. நான்காவது அடி தொண்டை கட்டியதுபோலக் கரகரத்து ஓய்ந்தது. முதலியார்பேட்டையில் அந்தக் கரகரப்பை அடையாளம் தெரியாதவர் இல்லை. பிரான்சுவா தன் பைக் கடிகாரத்தை எடுத்து, முள்ளைக் கொஞ்சம் முன்னால் தள்ளிச் சரி செய்துகொண்டு, பதிலுக்காக நின்றார்.

"தெரியலீங்க முசியே" என்றார் கிறிஸ்துதாஸ். "எங்கூட்ல கடிகாரம் ஏதுங்க."